விழா மேடைக்கு எதிரே கூட்டம் இருக்கிறது, கலகலப்பு இல்லை: குறை எங்கே இருக்கிறது?

பதிவு 1 | காவிரிக்கரை_விழாக்குழு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிப் பள்ளி மைதானத்தில் மாலை நேரக் கலைநிகழ்ச்சி நடத்தி வருகிறோம். முதலில் நையாண்டி மேளத்துடன் கரகாட்டம், அடுத்து மாணவர்களின் நடனம், இறுதியாக மெல்லிசைக் குழு என்பதே வழக்கமான வரிசை. கூட்டத்துக்குக் குறைவில்லை, நாற்காலிகள் நிரம்பிய பிறகும் பின்னால் நின்று பார்ப்பவர்கள் உண்டு. ஆயினும் விழா களைகட்டுவதில்லை. கலைஞர்கள் வியர்வை சிந்த ஆடிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர்கள் மின்கட்டண அலுவலகத்தில் தம் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போல அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள்.

ஒலியைக் கூட்டி, ஷார்பி எனப்படும் கூர்ங்கதிர் விளக்குகளும் புகை இயந்திரமும் எல்.இ.டி. திரையும் வாடகைக்கு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று குழுவில் உள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள். பொருளாளரோ கணக்கேட்டை மூடி வைத்துவிட்டார். இந்தச் செலவு உண்மையிலேயே பலன் தருமா, அல்லது குறை வேறு எங்காவது இருக்கிறதா என்பதை மேடை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | மைக்செட்_மதுரை

ஒலியமைப்பையே தொழிலாகக் கொண்டவன் என் பிழைப்புக்கு எதிராகவே பேசுகிறேன்: அளவைக் கூட்டுவதால் மட்டும் கூட்டம் எழுந்துவிடாது. மேடையின் இருபுறமும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றிக்கொண்டே போனால், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். பின்வரிசையில் இருப்பவருக்கோ பாட்டின் சொற்கள் குழம்பிப்போய்க் கேட்கும். இருவருக்குமே கைதட்டத் தோன்றாது.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தவிலின் அடி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நொடி கழித்தே காதில் விழுகிறது. அதைக் கேட்டு அவர் தாளத்தோடு தட்டினாலும், அந்தத் தட்டல் மேடைக்குத் திரும்பி வரும்போது தாமதம் இரண்டு மடங்காகிவிடும். கூட்டத்துக்குத் தாளம் தெரியவில்லை என்று மேடையில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். நீளமான மைதானமாக இருந்தால் நடுவில் இன்னும் ஒரு ஜோடிப் பெட்டிகளை நிறுத்தி, அவற்றின் ஒலி மேடை ஒலியோடு சேர்ந்து கேட்கும்படி, அவற்றுக்குரிய தாமதத்தை டிஜிட்டல் மிக்சரில் (ஒலிகளைக் கலந்து கட்டுப்படுத்தும் கருவியில்) கணக்கிட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சொல் தெளிவாகும். முன்னால் அளவைக் குறைக்கவும் முடியும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திருமண மண்டபத்தில் சிலர் கைதட்டினாலே சுவரும் கூரையும் அந்த ஓசையைத் திருப்பித் தருவதால், ‘நிறையப் பேர் தட்டுகிறார்கள்’ என்ற எண்ணம் மற்றவர்களுக்கும் உண்டாகிறது. திறந்த வெளியில் அப்படித் திரும்பி வர எதுவுமில்லை. தட்டியவருக்குத் தன் கை ஓசை மட்டுமே கேட்க, இரண்டு தட்டோடு நிறுத்திவிடுகிறார். எனவே மைதானம் முழுவதும் நாற்காலிகளைப் பரப்பாதீர்கள். எதிர்பார்க்கும் கூட்டத்தில் பாதிக்கு மட்டும், மேடைக்கு அருகில், பிறைவடிவில் போடுங்கள். மற்றவற்றை ஓரமாக அடுக்கி வைத்து, ஆள் வர வரப் பின்னால் இடுங்கள்.

நிகழ்ச்சி தொடங்கும்வரை திரைப்பாடல்களை முழு அளவில் ஒலிக்கவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் அடி விழும்போதே காது களைத்திருந்தால் அந்த அடி எவரையும் தொடாது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, நிகழ்ச்சிக் கூடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த எல்லைக்கு வெகு கீழே தொடங்கினால்தான் பின்னர் ஏற்றுவதற்கு இடம் இருக்கும்.

பதிவு 3 | தொகுப்பாளர்_திருச்சி

மதுரை அண்ணன் காதைப் பற்றிச் சொன்னார். நான் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர் விழாக்களில் உற்சாகம் பிறக்காமல் இருப்பது அரிது. பிறந்ததை நாமே கொன்றுவிடுகிறோம் என்பதே பல மேடைகளில் நின்ற பின் நான் கொண்டிருக்கும் கருத்து. அழைப்பிதழில் மாலை ஆறு என்று அச்சிட்டுவிட்டு, சிறப்பு விருந்தினர் வரும்வரை கூட்டத்தைக் காக்க வைப்பது முதல் தவறு. அவர் வந்தவுடன் குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை வகிப்பவர்களின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, அதைப் போர்த்துபவருக்கு ஒரு புகைப்படம், பிறகு தலைமையுரை, வாழ்த்துரை என்று நீட்டுவது இரண்டாம் தவறு. ஆட்டம் தொடங்கும்போது பார்வையாளர் தாம் ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து முடித்துவிட்ட களைப்பில் இருக்கிறார். இந்த நிலையில் வெறும் விளக்கும் புகையும் அவரை எழுப்ப மாட்டா.

முன்வரிசைச் சோபாக்களையும் சொல்ல வேண்டும். மேடைக்கு மிக அருகில் உள்ள இடத்தை, பாதி நேரம் வெறுமையாகவும் மீதி நேரம் கைபேசியில் பேசிக்கொண்டும் இருப்பவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஆடத் துடிக்கும் பிள்ளைகளைக் கயிறு கட்டிப் பின்னால் நிறுத்துகிறோம். கலைஞரின் கண்ணில் முதலில் படுவது அந்த வெறுஞ்சோபாதான். அதைப் பார்த்து ஆடுபவருக்கு எங்கிருந்து வேகம் வரும்? விருந்தினரைப் பக்கவாட்டில் மரியாதையாக அமர்த்திவிட்டு, நடுவில் மேடைக்கு முன்னால் பாய் விரித்துக் குழந்தைகளை அமரவையுங்கள். குழந்தை சிரித்தால் தாய் சிரிப்பார். தாய் சிரித்தால் அந்த வரிசையே சிரிக்கும்.

எங்கள் தொழிலின் குறையையும் மறைக்கக் கூடாது. “என்ன, கைத்தட்டல் சத்தமே கேட்கவில்லையே, சாப்பிடவில்லையா?” என்று கூட்டத்தைக் கடிந்துகொள்ளும் தொகுப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். கேட்டு வாங்கும் கைத்தட்டல் மறுகணமே அடங்கிவிடும். அது மட்டுமின்றி, நிகழ்ச்சி நன்றாக இல்லை என்று தொகுப்பாளரே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். கூட்டத்திடம் கேட்பதாக இருந்தால் எவரும் கூச்சமின்றிச் செய்யக்கூடிய சிறிய செயலைக் கேட்க வேண்டும். ஊரின் தெருப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தந்தத் தெருவினரைக் கையை உயர்த்தச் சொன்னால் போதும். அடுத்த தெருவைவிடத் தங்கள் தெரு குறைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பதிவு 4 | நாஞ்சில்_வில்லிசை

தெருப்பெயர் யோசனை நன்று. இதையே எங்கள் வில்லிசை வேறு வகையில் காலங்காலமாகச் செய்து வருகிறது. தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டு கதையைச் சொல்ல, குடம், உடுக்கை, கட்டை, தாளம் ஆகியவற்றோடு அமர்ந்திருக்கும் பக்கப்பாட்டுக்காரர்கள் வரிக்கு வரி “ஆமாம்” போடுகிறார்கள். இதை வெறும் ஒத்து ஊதுதல் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வையாளர் எந்த இடத்தில் வியக்க வேண்டும், எந்த இடத்தில் ஐயப்பட வேண்டும், எந்த இடத்தில் ‘அப்புறம் என்ன ஆயிற்று’ என்று கேட்க வேண்டும் என்பதை அந்த “ஆமாம்”, “அப்படியா” ஆகியவைதாம் கற்றுத் தருகின்றன. கூட்டத்தின் வேலையைச் செய்யும் ஒரு சிறு கூட்டம் மேடையிலேயே இருக்கிறது. சிறிது நேரத்தில் கீழே இருப்பவர்களும் அதே இடங்களில் “ஆமாம்” போடத் தொடங்குகிறார்கள்.

ஆகவே காவிரிக்கரை நண்பர் மெல்லிசைக் குழுவினரிடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். குழுப்பாடகர்களில் இருவரை மேடையில் நிறுத்தாமல், கூட்டத்தின் நடுவே ஆளுக்கு ஒரு கம்பியில்லா மைக்குடன் உட்கார வையுங்கள். பல்லவியை மேடைப் பாடகர் பாதியில் விட, அவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் பாடும்போது நாமும் பாடலாம் என்ற துணிவு வரும். மேடையில் இருப்பவர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவது மட்டும் அந்தத் துணிவைத் தந்துவிடாது.

பதிவு 5 | சபா_வாசகர்

இதுவரை எழுதிய அனைவரும், ஓசை எழுப்பும் கூட்டமே உற்சாகமான கூட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. மார்கழிக் கச்சேரி ஒன்றில் ஆலாபனை (பாடல் வரிகளின்றி ராகத்தை விரித்துப் பாடுவது) மேல் ஸ்தாயியைத் தொட்டு நிற்கும்போது அரங்கில் நிலவும் அமைதியைச் சோர்வு என்று எவரும் சொல்ல மாட்டார். கூட்டம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் உற்சாகம்தான்.

அந்த நிலைக்குக் கூட்டத்தைக் கொண்டுசெல்லும் வழியை, கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி வரிசையில் பார்க்கலாம். கேட்டுப் பழகிய வர்ணம் என்னும் தொடக்க உருப்படியில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கிருதிகளால் (பாடல்களால்) காதைத் தயார்செய்து, நடுவில் விரிவான ராகத்தையும் அதன் கிருதியையும் தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் வைத்து, இறுதியில் துக்கடா என்னும் சிறு பாடல்களால் இலேசாக்கி அனுப்புகிற வரிசை அது. கனமான உருப்படியை முதலிலேயே வைக்காததற்கும், எல்லா உருப்படிகளையும் ஒரே வேகத்தில் வைக்காததற்கும் காரணம் இருக்கிறது.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வை என்னும் முடிப்புத் தாளக்கோவையை மூன்று முறை வாசிப்பதையும் எண்ணிப் பாருங்கள். முதல் முறை கேட்பவர் திகைக்கிறார்; இரண்டாம் முறை அதன் வடிவம் பிடிபடுகிறது; மூன்றாம் முறை அது எந்த இடத்தில் வந்து விழப் போகிறது என்பது தெரிந்துவிடுவதால், தொடையில் தாளம் போடும் கைகள் அனைத்தும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கின்றன. அது பிசகாமல் வந்து விழும்போது எழும் கைத்தட்டலை எந்தத் தொகுப்பாளரும் கேட்டு வாங்கியதில்லை. (தனி தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலைக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும், அங்கே கிடைக்கும் காபிக்கு அவ்வளவு மதிப்பு.) என்ன வரப் போகிறது என்பதைக் கூட்டம் ஓரளவு ஊகிக்கவும் அந்த ஊகம் நிறைவேறவும் வேண்டும். மாணவர் நடனத்தில் எட்டுப் பாடல்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறார்களே, அங்கே ஊகிக்கவே வழியில்லாமல் போய்விடுகிறது.

கைத்தட்டலைப் பற்றி இன்னொரு செய்தி. ருமேனியா, ஹங்கேரி நாடுகளின் அரங்குகளில் கைத்தட்டலைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2000-ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்தது. தாறுமாறாகத் தட்டிக்கொண்டிருக்கும் கூட்டம் ஒரே தாளத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தட்டும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. அதனால் மொத்த ஓசையும் குறைகிறது. ஓசையைக் கூட்ட நினைத்து வேகமாகத் தட்டத் தொடங்கியவுடன் ஒற்றுமை கலைந்துவிடுகிறது. பலத்த ஓசையும் ஒன்றுபட்ட தாளமும் ஒரே நேரத்தில் கிடைப்பது கடினம் என்பதே இதன் பொருள்.

பதிவு 6 | தொகுப்பாளர்_திருச்சி

அமைதியும் உற்சாகம் என்பதை ஏற்கிறேன், ஐயா. ஆனால் காவிரிக்கரை நண்பர் விவரிக்கும் அமைதி ஆலாபனை அமைதி அன்று, கைப்பேசி அமைதி. இவை இரண்டையும் மேடையிலிருந்து பார்த்தாலே வேறுபடுத்திவிடலாம். முன்னதில் முகங்கள் நிமிர்ந்திருக்கும். பின்னதில் முகங்களில் நீல வெளிச்சம் அடிக்கும்.

பதிவு 7 | செய்யாறு_கூத்துரசிகர்

இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் தெருக்கூத்தில் கூட்டத்தை எப்படித் தக்கவைக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். கூத்தாடிகள் ஒப்பனையில் இருக்கும்போதே மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டிவிடும், அதாவது தொடக்க இசையை முழக்கிவிடும். வீட்டில் இருப்பவருக்கு அதுதான் அழைப்பு. வந்து அமர்ந்தவருக்கு அதுவே முதல் நிகழ்ச்சி. ஆகவே ‘இன்னும் தொடங்கவில்லை’ என்ற வெற்று நேரம் அங்கே கிடையாது. பிறகு கூத்தின் கோமாளியும் கதை சொல்பவனுமான கட்டியங்காரன் வந்து ஊர்ச்செய்தியையும் அரசனின் கதையையும் கலந்து பேசி, கூட்டத்தில் இருப்பவரோடு நேரடியாக வம்பு வளர்ப்பான். அதன் பின்னரும் முக்கிய வேடம் உடனே முகத்தைக் காட்டாது. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் நுனி தெரியும், பாட்டு கேட்கும். திரை விலகும்போது பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்து அமர்ந்திருப்பார்.

எல்.இ.டி. திரையில் கலைஞரின் முகத்தை முன்கூட்டியே பத்து முறை காட்டிவிட்ட பிறகு அவர் மேடைக்கு வந்தால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? பணம் கொடுத்து ஆவலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பதிவு 8 | யாழ்_வாசகர்

எங்கள் பக்கக் கோயில் திருவிழாக்களில் மேளச்சமா என்று ஒன்று உண்டு. சுவாமி வீதியில் எழுந்தருளி நிற்க, நாதஸ்வர, தவில் கலைஞர்கள் எதிரெதிரே நின்று வாசிப்பார்கள். ஒரு தவில்காரர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். சனம் அவர்களைச் சுற்றி வட்டமாக நெருங்கி நிற்கும். அங்கே மேடையும் இல்லை, கலைஞருக்கும் சனத்துக்கும் நடுவே கயிறும் இல்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட பெரியவர்கள் இன்றும் அவருடைய வாசிப்போடு சேர்த்து, அன்று தமக்குப் பக்கத்தில் நின்றவர் என்ன சொன்னார் என்பதையும் நினைவுகூர்வார்கள்.

நையாண்டி மேளத்தை மேடையில் ஏற்ற வேண்டிய தேவை என்ன என்று கேட்க விரும்புகிறேன். வீதியில் பிறந்த கலையை நான்கடி உயரத்தில் நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களைக் கதிரையில் கட்டிப்போட்டால் கலகலப்பு எப்படி வரும்? கூட்டத்தின் பின்புறமிருந்து மேளம் நடந்து வரட்டும்.

பதிவு 9 | மைக்செட்_மதுரை

யாழ் நண்பரின் யோசனைக்கு என் முழு ஆதரவு உண்டு. தவிலுக்கும் பம்பைக்கும் மைக்கே தேவையில்லை. பின்புறமிருந்து வந்தால் கடைசி வரிசைக்காரர்தான் அன்றைக்கு முதல் ரசிகர். ஆனால் அதற்குரிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். கரகம் ஆடுபவருக்குக் குழி மேடில்லாத நிலம் வேண்டும். நடைபாதையின் குறுக்கே என் ஆட்களுடைய வயர் கிடக்கக் கூடாது. பறையும் சேர்வதாக இருந்தால், தோலைக் காய்ச்சுவதற்குத் தீ மூட்ட அவர்களுக்கு இடமும் நேரமும் தேவை. கீற்றுப் பந்தலுக்கு அருகில் அந்த இடத்தைக் காட்டிவிடாதீர்கள். காயும் முன்னே மேடைக்கு வாருங்கள் என்று விரட்டவும் செய்யாதீர்கள். தளர்ந்த தோலில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பறை பேசாது.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேடை முழு வெளிச்சத்திலும் கூட்டம் முழு இருட்டிலும் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பது தெரியாது. மைதானத்தின் ஓரங்களில் மஞ்சள் வெளிச்சத்தில் சில விளக்குகளை மங்கலாக எரியவிடுங்கள். ஷார்பிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

பதிவு 10 | சட்டம்_படித்தவன்

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலியின் அளவு, அந்தப் பகுதிக்கு வகுத்த சுற்றுப்புற ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள 100 மீட்டர் பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடியது என்பதால், பள்ளி மைதானத்தைப் பற்றி அனுமதி கேட்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்றால், மெல்லிசைக் குழுவின் சிறந்த பாடல்களைப் பத்தரைக்கு வைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இதைவிட முக்கியமானது நெரிசல். நாற்காலிகளை நெருக்கமாகப் போடச் சொன்னது சரியே; ஆனால் நிற்கும் கூட்டம் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் அபாயம் தொடங்குகிறது, அதற்கு மேல் எவரும் தம் விருப்பப்படி அசைய முடியாது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்ததை நாம் அனைவரும் அறிவோம். மேளம் உள்ளே வரும் பாதையையும் மக்கள் வெளியேறும் பாதையையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டு பக்கமும் குடிநீர் இருக்கட்டும். மேடைக்கு முன்னால் பாயில் அமரும் குழந்தைகளுக்குப் பக்கவாட்டில் வழி இருக்கட்டும். திடீர்ப் பரிசு என்று எதையும் கூட்டத்துக்குள் வீச வேண்டாம்.

பதிவு 11 | காவிரிக்கரை_விழாக்குழு

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. குழுவில் பேசியதில் புகை இயந்திரமும் எல்.இ.டி. திரையும் கைவிடப்பட்டன. மேளம் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டுக் கூட்டத்தின் பின்புறமாக வரும். நாற்காலிகள் பிறைவடிவில் இருக்கும். நடுவில் ஒரு ஜோடிப் பெட்டிகளுக்குப் பொருளாளரே சம்மதித்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல் தீரவில்லை. நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் இருக்க முடியாது. அவர்கள் இல்லாமல் விழாவே இல்லை. சிறப்பு விருந்தினர் எப்போது வருவார் என்பதும் எங்கள் கையில் இல்லை. முதலில் மரியாதை செய்யாவிட்டால் மனத்தாங்கல் வரும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

பதிவு 12 | தொகுப்பாளர்_திருச்சி

மெல்லிசைக் குழு மேடையேறும்போது டிரம்ஸ், கீபோர்டு, மானிட்டர் பெட்டிகள் எல்லாவற்றையும் அடுக்கி இணைத்துச் சரிபார்க்க எப்படியும் கால் மணி நேரத்துக்குக் குறையாது. அந்த வெற்று நேரத்தை நன்கொடையாளர்களுக்குக் கொடுங்கள். ஆனால் மேடையில் அன்று, கீழே கூட்டத்தின் நடுவே. பெயரைச் சொன்னவுடன் அவர் இருக்கும் இடத்துக்கே மேளக்காரர்கள் சென்று ஒரு தீர்மானத்தை (முடிப்புத் தாளத்தை) வாசிக்கட்டும். பொன்னாடையை அந்தத் தெருச் சிறுவர் ஒருவர் போர்த்தட்டும். மேடையில் வரிசையில் நின்று வாங்கும் பொன்னாடையைவிட இது பெரிய மரியாதை என்பதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சிறப்பு விருந்தினரின் உதவியாளரிடம் நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்று சொல்லாதீர்கள். ஆறு மணிக்கு மேளம் புறப்படுகிறது, ஏழரைக்கு ஐயாவின் உரை என்று எழுதிக் கொடுங்கள். ஏழரைக்கு வந்தால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் முன் பேசுவார். அதை எந்தப் பேச்சாளரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எட்டரைக்கு வந்தால் இரண்டு பாடல்களுக்கு நடுவே ஐந்து நிமிடம். அதற்கு மேல் மைக்கைக் கேட்டால், மதுரை அண்ணன் மிக்சரில் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவார்.

பதிவு 13 | மைக்செட்_மதுரை

அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.